உறைப்பில்லாத கறி

தகர ரின்னோடு ஒட்டி வந்த சாவி முதல் திருகிலேயே முறிந்து கையோடு வந்துவிட்டது. பெர்னடெட் முறிந்த சாவியைப் பார்த்தாள், ரின்னைப் பார்த்தாள், பிறகு முன்வீட்டுப் பக்கம் திரும்பி, "உந்த நாக்குக்கு ஒரு கேடு வராதாமோ" என்று பல்லைக் கடித்தாள். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லக்கூடிய நிலைமையிலா அவள் இருந்தாள்?

புருசன் லியோனின் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து ரின்னின் விளிம்பில் ஊன்றி, அம்மிக் குழவியால் தட்டித் தட்டி வெட்டினாள். மெல்லத்தான் தட்ட வேண்டும், அயலுக்குக் கேட்கக் கூடாது. பாதி வளையம் வெட்டிய இடத்தில் தகரம் சறுக்கிப் பெருவிரலைக் கிழித்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். கேடுகெட்ட வேலை! இதை அவள் தின்னப் போவதில்லை, லியோனும் தின்னப் போவதில்லை. இரத்தம் மட்டும் அவளுடையது.

அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை. குருநகரில் பிறந்த எவளும் அந்த நாளில் இறைச்சியைக் கையால் தொட மாட்டாள். ஒருசந்தி நாள். மத்தியானம் ஒரு நேரம் மரக்கறியோடு சோறு, அவ்வளவுதான். பெர்னடெட்டுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. லியோனின் முறிந்த கால் பொருந்தி அவன் எழுந்து நடக்கும்வரை ஒரு வெள்ளி தவறாமல் ஒருசந்தி பிடிப்பதாக அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தாள். அப்படிப்பட்டவளை இந்த நாளில் மாட்டிறைச்சி ரின்னோடு மல்லுக்கட்ட வைத்த மனுசனை நீர் மன்னிக்கவே கூடாது என்று அந்தோனியாரிடம் தனியாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்த மனுசன் வீட்டுக்காரர் ஏரம்பு. வீட்டுக்காரர் என்று பேச்சுக்குத்தான் சொல்வது. உரும்பிராயில் அந்த வீடும் வளவும் அவருடைய பெண்சாதி இரத்தினம்மாவின் சீதனம். ஏரம்பு அந்த மண்ணில் முட்டைக்கோவாவும் வெங்காயமும் செய்தார். யார் இருக்கலாம், யார் போகலாம் என்று சொல்கிற வாய் இரத்தினம்மாவினுடையது.

யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை நேரம் குருநகர்ச் சனம் உடுத்த உடுப்போடு ஓடியபோது, பின்பக்கத்து அறையையும் சமைக்கச் சாய்ப்புக் குசினியையும் பெர்னடெட்டுக்கும் லியோனுக்கும் கொடுத்தவள் அவள்தான். கொடுத்த அன்றே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "மீன் காய்ச்சுங்கோ, நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இருக்கிறன். மாடு மட்டும் இந்தப் படலைக்குள்ளை வரப்படாது. வந்தால் அண்டைக்கே வெளியிலை. மற்றது, கிணத்திலை உங்களுக்கு வேறை வாளி."

வேறை வாளி என்றால், அடியில் தார் பூசி ஓட்டை அடைத்த பழைய தகர வாளி. கிணற்றடியில் அது ஒரு தூணில் தொங்கியது, இரத்தினம்மாவின் பித்தளை வாளி மற்றத் தூணில் தொங்கியது. இரண்டரை வருசமாகத் தார் வாளியில் அள்ளிக் குளித்தாள் பெர்னடெட். ஒவ்வொரு முறை கயிற்றைப் பிடிக்கும்போதும் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. என்ன செய்வது, கூரை அவர்களுடையது.

அந்தக் கூரை இப்போது முன்னையைவிட நூறு மடங்கு தேவைப்பட்டது. ஐந்து கிழமைக்கு முன்பு ஏரம்புவின் மாட்டுக்கொட்டிலுக்குக் கிடுகு வேய ஏறிய லியோன், உளுத்த வளைமரத்தோடு சேர்ந்து விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டான். முறிவு வைத்தியர் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டிவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: "மூண்டு மாசத்துக்கு ஆளை அசைக்கப்படாது. அசைச்சால் கால் கோணிப்போகும்." கால் கோணிய கடற்தொழிலாளிக்கு வள்ளத்தில் என்ன வேலை? வெளியே போவதென்றால் பள்ளிக்கூட முகாம்தான். அங்கே ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம், நீட்டிப் படுக்க இடமில்லை.

அதெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஏரம்பு செவ்வாய்க்கிழமை குசினி வாசலுக்கு வந்தார். சாக்குத் துண்டில் சுற்றிய ரின் ஒன்று கையில். மாட்டுப் படம் போட்ட கடதாசியை முன்னமே உரித்து எரித்திருந்தார்.

"பிள்ளை, இது கொழும்பிலையிருந்து கிளாலிக் கடலாலை வள்ளத்திலை வந்த சாமான்" என்றார், திருடன் பேசுகிற குரலில். "எனக்கு அப்ப இருவத்திரண்டு வயசு. திருகோணமலையிலை வெள்ளைக்காரன்ரை கப்பல்துறை ஸ்ரோரிலை வேலை. ஞாயிற்றுக்கிழமையிலை குசினிக்காரன் இதைக் கோவாவோடை அவிச்சு ஒரு கோப்பை தருவான். கலியாணம் கட்டினாப் பிறகு வாயிலை வைக்கேல்லை. முப்பத்தெட்டு வருசம், பிள்ளை. அந்த வாசம் இப்பவும் மூக்குக்கை நிக்குது."

சொல்லும்போது மனுசனுக்குக் கண் கலங்கிவிட்டது. பெர்னடெட்டுக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு கணம் பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவம் பார்த்ததுதான் பிழை.

"இரத்தினக்கா அறிஞ்சால் எங்களைக் கொன்றுபோடுவா, அண்ணை."

"வெள்ளிக்கிழமை அவ கோயிலுக்குப் போனால் பூசை முடிஞ்சு ஒரு மணிக்குத்தான் வருவா. அதுக்கிடையிலை அலுவலை முடிக்கலாம்."

"வெள்ளிக்கிழமையோ? எங்களுக்குத் தவக்காலம். நான் தொடமாட்டன்."

"உன்னை ஆர் சாப்பிடச் சொன்னது? அவிச்சுத் தந்தால் காணும்." ஏரம்பு சிரித்தார். சிரிப்பு மாறாமலே அடுத்ததைச் சொன்னார்: "இரத்தினத்தின்ரை தமக்கையின்ரை மகன் குடும்பத்துக்கு இந்த அறை வேணுமாம். லியோன்ரை காலைச் சொல்லி நான்தான் மறிச்சுக்கொண்டு நிக்கிறன். எவ்வளவு நாளைக்கு மறிக்கலாமெண்டு தெரியேல்லை."

பாவம் பார்த்ததெல்லாம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. ஆருடைய கொட்டிலில் விழுந்து ஆருடைய கால் முறிந்தது? அதைச் சொல்லிக் காட்ட நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு ரின்னை வாங்கினாள்.

லியோன் படுத்தபடியே எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான். "அவிச்சுக் குடுத்துத் துலை. முதல் கால் பொருந்தட்டும்" என்றான், முகட்டைப் பார்த்துக்கொண்டு.

இப்போது வெள்ளிக்கிழமை. இரத்தினம்மா தலைக்கு முழுகி, அர்ச்சனைத் தட்டோடு பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தாள். போகிற போக்கில் ஒரு பிடி முருங்கையிலையைக் குசினி வாசலில் போட்டுவிட்டுத்தான் போனாள்.

"இந்தா, உங்களுக்கும் இண்டைக்குச் சைவம்தானே. ஒரு நாளெண்டாலும் மனிசர் மாதிரிச் சாப்பிடுங்கோ."

கொடுக்கிற முருங்கையிலையில்கூட ஒரு குத்தல்! பெர்னடெட் அதை வறையாக வறுத்து, சோற்றோடு இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, மூடி ஓரமாக வைத்திருந்தாள். அவளுக்கும் லியோனுக்குமான ஒருநேரச் சாப்பாடு.

அடுப்பில் மற்றச் சமையல். ஏரம்பு விடிய வெட்டித் தந்த கோவா, நெஞ்சு இறுகிய நல்ல கோவா. அதை நாலாகப் பிளந்து சட்டியில் அடுக்கினாள். இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு வெங்காயம், உப்பு, மிளகு. மிளகாய்த்தூள் ஒரு சிமிட்டாகூடப் போடக் கூடாதாம். மனுசனுக்கு வயிற்றுப்புண். இருபது வருசமாக இரத்தினம்மா அவருக்கு வெள்ளைக் கறிதான் வைக்கிறாள். கோவா பாதி அவிந்ததும் ரின்னிலிருந்து இறைச்சியைக் கட்டியாகத் தள்ளி மேலே வைத்து மூடினாள்.

சீ, இதுவும் ஒரு கறியா! அவளுடைய கையில் விட்டிருந்தால் வெங்காயமும் பச்சைமிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்து, இறைச்சியை உதிர்த்துப் போட்டு, மிளகாய்த்தூள் மணக்க மணக்கப் பிரட்டி, கோவாவை நூலாக அரிந்து கடைசியில் சேர்த்திருப்பாள். இறைச்சி வாசம் எழும்பி வந்தது. ஈஸ்டரோடு ஒரு வருசமாகப் போகிறது, அவள் மாட்டிறைச்சி தின்று. வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலுக்கும் சேர்த்து ஏரம்புவைத் திட்டினாள்.

ஏரம்பு அப்போது மாட்டுக்கொட்டிலுக்குள் இருந்தார். அங்கேதான் கொண்டுவந்து தர வேண்டுமாம், ஒருவரும் பார்க்காத இடமாம். பெட்டியொன்றைக் கவிழ்த்துப் போட்டு, கை கழுவி, துவாயை இடுப்பில் செருகி மடியில் விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். பசு நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதன் இனத்தைத் தின்னக் காத்திருந்தார் திருநீறு பூசிய மனுசன். வெட்கம் கெட்ட ஆள்.

அந்த நேரம் பார்த்துத்தான் குண்டு போடுகிற பொம்மர் வந்தது. முதல் இரைச்சல் கேட்டதுமே ஏரம்பு வேட்டியைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குள் பாய்ந்தார். லியோனை அசைக்க முடியாது. அவனை விட்டுவிட்டுப் பெர்னடெட்டும் போக மாட்டாள். கட்டிலடியில் முழங்காலில் இருந்து அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பொம்மர் இரண்டு தரம் சுற்றியது, வடக்கே எங்கேயோ கொட்டிவிட்டுப் போனது. நிலம் அதிர்ந்து ஓட்டிலிருந்து தூசி கொட்டியது.

இரைச்சல் அடங்கியதும் பதுங்குகுழியிலிருந்து வந்த முதல் குரல்: "பிள்ளை, அவிஞ்சுதோ?"

ஐயோ, இந்த மனுசனை என்னதான் செய்வது! "அவிஞ்சுது, வந்து அள்ளுங்கோ" என்று கத்த வாயெடுத்தாள் பெர்னடெட். அதற்குள் படலை கிறீச்சிட்டது.

இரத்தினம்மா. பொம்மர் சுற்றியதால் ஐயர் பூசையைச் சுருக்கிவிட்டுச் சனத்தை வீட்டுக்கு ஓடச் சொல்லிவிட்டார். அதை ஏரம்புவும் யோசிக்கவில்லை, பெர்னடெட்டும் யோசிக்கவில்லை. அர்ச்சனைத் தட்டோடு மூச்சு வாங்க வந்தவள், முற்றத்தில் நாலடி வைத்ததும் அப்படியே நின்றாள். மூக்கு விரிந்தது.

"என்னடி அது?"

பெர்னடெட் குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன நாத்தமடி அது? மாடோ? பிள்ளையாரே! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கோயில் தட்டு கையிலை இருக்க, என்ரை வளவுக்குள்ளை மாடு அவிக்கிறாள்!" தட்டை முன்விறாந்தை விளிம்பில் வைத்துவிட்டு வந்தாள். "மூதேவி! இருக்க இடம் தந்தது ஆர்? தண்ணி தந்தது ஆர்? என்ரை தாய் சாணகம் மெழுகின நிலத்திலை... கிளம்புங்கோ. பொழுதுபடுறதுக்கிடையிலை உன்ரை மனுசனைக் கட்டிலோடை தூக்கிக்கொண்டு கிளம்புங்கோ!"

"அக்கா, அவரை அசைச்சால்..."

"அக்காவோ? ஆரடி உனக்கு அக்கா?"

ஏரம்பு பதுங்குகுழியிலிருந்து ஏறி, கொட்டில் பக்கத்தால் வந்தார். வந்த வேகத்தில் பெர்னடெட் ஒரு கணம் நம்பிவிட்டாள், மனுசன் ஏதாவது சொல்லித் தடுக்கப் போகிறார் என்று. அவர் விரலை நீட்டினார். அவளைப் பார்த்துத்தான் நீட்டினார்.

"உன்னை நம்பி இடம் தந்ததுக்கு இதோ செய்யிறாய்? சைவ வீட்டிலை மாட்டை அவிக்க உனக்கு என்ன நெஞ்சழுத்தம்! கடற்கரைச் சனத்தின்ரை புத்தியைக் காட்டிப்போட்டாய். இரத்தினம் சொல்லுறது சரி. போங்கோ வெளியிலை!"

பெர்னடெட்டுக்குக் கண் இருட்டியது. அடப்பாவி. உன்ரை ரின், உன்ரை கோவா, உன்ரை வயிற்றுப்புண். இப்போதே எல்லாவற்றையும் போட்டு உடைக்கலாம். ஆனால் ஆர் நம்பப் போகிறார்கள், புருசனையா, தார் வாளிக்காரியையா? உள்ளே லியோன் "பெர்னடெட்! பெர்னடெட்!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். எழும்ப முடியாத மனிதனின் குரல்.

"தள்ளு" என்றாள் இரத்தினம்மா. இரண்டரை வருசத்தில் ஒரு நாள்கூட அந்தக் குசினிக்குள் கால் வைக்காதவள், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள். சட்டியை முற்றத்தில் கொட்டுவிப்பதற்குத்தான் வந்தாள். விறகுக் கட்டையால் மூடியைத் தட்டி விழுத்தினாள்.

ஆவி விலகியது. இரத்தினம்மா சட்டிக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். வெள்ளைவெளேரென்று கோவா, உருளைக்கிழங்கு, மேலே இறைச்சி, மிளகு. மிளகாய்த்தூள் ஒரு சிமிட்டாகூட இல்லை. இந்தக் குசினியிலிருந்து வருகிற மிளகாய்க் காரத்துக்கு அவள் முன்வீட்டில் இருந்து தும்முகிறவள். பிறகு அவளுடைய கண் ஓரத்தில் இருந்த இரண்டு கோப்பைகளுக்குப் போனது. கட்டை நுனியால் ஒன்றின் மூடியை நீக்கினாள். சோறு. முருங்கையிலை வறை. அவள் காலையில் எறிந்துவிட்டுப் போன அதே முருங்கையிலை.

குரல் திடீரென்று இறங்கியது. "இது ஆருக்கு?"

பெர்னடெட் ஏரம்புவைப் பார்த்தாள்.

"ஆருக்கோ? உவளுக்குத்தான், வேறை ஆருக்கு?" என்றார் ஏரம்பு வாசலில் நின்று.

"நான் உங்களைக் கேக்கேல்லை." இரத்தினம்மா திரும்பவே இல்லை. "இஞ்சை பார் பெர்னடெட். இது உன்ரை சாப்பாடெண்டால் ஒரு வாய் எடுத்துத் தின். என்ரை கண்ணுக்கு முன்னாலை தின். திண்டால் உன்ரை எண்டு நம்புறன். நம்பி, அவன்ரை கால் சுகமாகுமட்டும் இருக்க விடுறன். பிள்ளையாராணை."

ஒரு வாய். ஒரே ஒரு வாய் தின்றால் கூரை நிற்கும். இரத்தினம்மா சத்தியம் பண்ணினால் பண்ணினதுதான், அதில் பிழை சொல்ல முடியாது. ஏரம்பு அவளுடைய முதுகுக்குப் பின்னால் நின்று நாடியை ஆட்டினார். தின், தின், பிள்ளை, தின்.

பெர்னடெட் அகப்பையால் ஒரு துண்டு எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். சுட்டது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் படவில்லை. கையை வாய்வரை கொண்டுபோனாள். உள்ளேயிருந்து லியோன் கத்தினான்: "வேண்டாமப்பா! தின்னாதை!"

அவன் சொல்லியிருக்கத் தேவையில்லை. கை தானாக இறங்கிவிட்டது. துண்டைச் சட்டிக்குள் திரும்பப் போட்டாள்.

"மாட்டன்."

"ஏன்?"

"இண்டைக்கு வெள்ளி. லியோன்ரை காலுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன். கூரை போனால் போகட்டும். கால் போகக் கூடாது." அழக் கூடாது என்று நினைத்தாள், அழுகை வந்துவிட்டது. ஆத்திரத்தில் வந்த அழுகை. "எங்களுக்கு ஒருசந்தி எண்டு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே முருங்கையிலை தந்தனீங்கள்."

இரத்தினம்மா மெதுவாகத் திரும்பினாள். ஏரம்புவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே, அவருடைய மடியைப் பார்த்தாள். சாப்பிட இருக்கும்போது விரிக்கிற துவாய் இடுப்பில் செருகியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்ற மனுசன் மறந்துபோனார்.

"இரத்தினம், நான் சொல்லுறதைக் கேள்..."

"இருங்கோ" என்றாள்.

"என்ன?"

"அதிலை இருங்கோ. நிலத்திலை." குரல் உயரவேயில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெர்னடெட், போடு அவருக்கு. எல்லாத்தையும் போடு."

பெர்னடெட் போட்டாள். அகப்பை நிறைய, கோப்பை வழிய வழியப் போட்டாள். ஏரம்பு சம்மணம் கொட்டி இருந்து குனிந்த தலை நிமிராமல் தின்றார். முப்பத்தெட்டு வருசமாக ஆசைப்பட்ட சாப்பாடு, ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. கடைசிக் கோவா இலைவரை இரத்தினம்மா அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனி மூண்டு நேரமும் உங்களுக்கு இஞ்சைதான் சாப்பாடு" என்றாள். "என்ரை குசினிப் படியிலை கால் வைக்கப்படாது. அந்த வாயாலை என்ரை சோறு தின்னப்படாது." பிறகு பெர்னடெட்டின் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தில் இரக்கம் ஒரு துளியும் இல்லை. "நீயும் கள்ளிதான். நான் சொன்னதை மீறி அடுப்பிலை ஏத்தினனி. உன்னைத் துரத்தத்தான் வேணும். துரத்தினால் உவருக்கு ஆர் சமைக்கிறது? இருங்கோ. கால் மாறட்டும், பிறகு பாப்பம்."

நன்றி சொல்ல வேண்டுமா? பெர்னடெட் சொல்லவில்லை. இரத்தினம்மாவும் அதை எதிர்பார்க்கவில்லை.

ஏரம்பு எழுந்து கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். பழக்கத்தில் பித்தளை வாளிக்குக் கையை நீட்டினார். முன்விறாந்தையிலிருந்து குரல் வந்தது.

"அதைத் தொடாதேங்கோ. உங்கடை வாளி மற்றத் தூணிலை."

மனுசன் தார் வாளியைக் கழற்றி இறக்கினார். குசினி வாசலில் நின்று பார்த்த பெர்னடெட்டுக்கு முதலில் உள்ளம் குளிர்ந்தது. அடுத்த நிமிசமே பற்றிக்கொண்டு வந்தது. தண்டனை கொடுப்பதற்கு அந்த வாளிதானா கிடைத்தது இவளுக்கு? இரண்டரை வருசமாக அதில் அள்ளிக் குடித்த நாங்கள் என்ன குற்றம் செய்தோம்?

சனிக்கிழமை மத்தியானம் சாய்ப்புக் குசினியில் மூன்று கோப்பை. சூடை மீன் குழம்பு, சிவக்கச் சிவக்க. ஏரம்பு ஒரு கவளம் வாயில் வைத்தார். காது மடல் சிவந்தது, மூக்கால் தண்ணீர் வடிந்தது.

"உறைப்புக் கொஞ்சம் கூடிப்போச்சோ, பிள்ளை?"

"இல்லை அண்ணை" என்றாள் பெர்னடெட், இன்னும் ஒரு அகப்பை ஊற்றிக்கொண்டு. "கடற்கரைச் சனம் இப்பிடித்தான் சாப்பிடுறது."

லியோனின் கால் பொருந்த இன்னும் ஏழு கிழமை இருந்தது. மிளகாய்த்தூள் போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். ஏழு கிழமைக்குத் தாராளமாகக் காணும்.